கவிழ்த்து அடுக்கும் நட்சத்திரங்கள்: இஸ்லாமிய வடிவத்தில் ஒரு சுவர்ப் பலகை செய்வது எப்படி?

மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரத்தில் டைல்ஸ் கைவேலை செய்கிறவர்கள், ஒரு சுவருக்கான அலங்காரத்தை அடுக்கும்போது அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. பளபளப்பான பக்கம் கீழே, மெருகில்லாத முதுகுப்பக்கம் மேலே. அப்படியே ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை நெருக்கி அடுக்கிக்கொண்டு போவார்கள். எந்த இடத்தில் எந்த நிறம் என்பதெல்லாம் நினைவில் இருக்கும். அடுக்கி முடித்ததும் பின்னால் கலவையை ஊற்றி, இறுகியபின் தூக்கி நிறுத்துவார்கள். நட்சத்திரங்கள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஜெல்லீஜ் என்று இந்த வேலைக்குப் பெயர்.

கீழே சொல்லும் பலகையும் அதே முறையில்தான், சின்ன அளவில். ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 16 நட்சத்திரங்கள், பீங்கான் டைல்ஸும் கண்ணாடியும் கலந்தது. சூளை வேண்டாம், ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டாம். கவராயமும் அளவுகோலும் பிடிக்கத் தெரிந்தால் சரி. இரண்டு மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம்.

எந்த வடிவம்?

எட்டு முனை நட்சத்திரம், அதற்கு இடையே நான்கு கை விரித்த ஒரு வடிவம். ஈரானில் காஷான் நகரத்துக் குயவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் இந்த ஜோடியை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். வராமீன் ஊரில் இமாம்சாதா யஹ்யா அடக்கத்தலத்தின் சுவர்களில் 1260-களில் பதித்த நட்சத்திரங்கள் இன்று உலகத்தின் பல அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. டைல்ஸுக்குப் பாரசீகத்தில் 'காஷி' என்று பெயர் வந்ததே காஷான் ஊரால்தான். லாகூர் வஸீர் கான் மசூதியின் டைல்ஸ் வேலையை இப்போதும் 'காஷி காரி' என்றுதான் சொல்கிறார்கள்.

நான்கு கை வடிவத்தைச் சிலுவை என்று பலர் எழுதுவார்கள். அது மதச் சின்னம் அல்ல. நட்சத்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் மிஞ்சும் இடம், அவ்வளவுதான். இங்கே 'நாற்கை' என்று குறிப்பிடுகிறேன். இந்த வடிவத்தின் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. மிஞ்சிய இடம்தானே என்று அளந்து பார்த்தால், நாற்கையின் முனைக்கு முனை அகலமும் நட்சத்திரத்தின் முனைக்கு முனை அகலமும் ஒன்றாகவே இருக்கும். எது வடிவம், எது பின்னணி என்று கண்ணால் முடிவுசெய்ய முடியாமல் போவது அதனால்தான்.

காஷானில் நட்சத்திரத்தை முழுசாக அச்சில் வார்த்துச் சுட்டார்கள். அந்த ஊர்க் குயவர் குடும்பத்தில் பிறந்த அபுல் காசிம் 1301-இல் எழுதிய குறிப்பில் அந்த மண்ணின் சேர்மானம் இருக்கிறது: 10 பங்கு குவார்ட்ஸ் பொடி, ஒரு பங்கு கண்ணாடிப் பொடி, ஒரு பங்கு வெள்ளைக் களிமண். நாம் அந்த வழியில் போகவில்லை. ஃபெஸ் நகரத்தார் மாதிரி, சுட்ட டைல்ஸை வெட்டி அடுக்கப் போகிறோம்.

கண்ணாடி எதற்கு என்று கேட்கலாம். இஸ்லாமியச் சுவர்களில் கண்ணாடி, டைல்ஸுக்கும் மூத்தது. ஜெருசலேமின் பாறைக் குவிமாடத்தின் உட்புறத்தில் 691 வாக்கிலும், 715-இல் முடிந்த டமாஸ்கஸ் பெரிய மசூதியிலும் சுவர்களை நிறைத்தது கண்ணாடிச் சில்லுகள்தான். தங்கத் தகட்டை இரண்டு கண்ணாடிப் படலங்களுக்கு நடுவே வைத்துச் செய்த சில்லுகளும் அவற்றில் உண்டு. நம் பலகையில் நட்சத்திரத்தின் வயிறு பீங்கான், முனைகள் கண்ணாடி. காலை வெளிச்சத்தில் ஒரு மாதிரியும் விளக்கு வெளிச்சத்தில் இன்னொரு மாதிரியும் தெரிவது அந்த முனைகளால்.

வாங்க வேண்டியவை

சாதாரணச் சுவர் டைல்ஸ், கிளாஸி ரகம், ஒரே நிறம், பூ வேலை இல்லாதது. 12-க்கு 18 அங்குல டைல்ஸ் என்றால் வெள்ளையில் இரண்டு, அடர் நீலத்தில் இரண்டு போதும். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸ் வேண்டாம். அது கல் மாதிரி இறுகியது, கொறட்டுக்குப் படியாது. டைல்ஸ் கடைகளில் மிச்சம் விழுந்த ஒற்றை டைல்ஸ்களை ஓரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். அங்கே தேடினால் பாதி விலைக்குக் கிடைக்கும்.

கண்ணாடிக்கு, நீச்சல் குளத்தில் ஒட்டும் 2 செ.மீ. சதுர கிளாஸ் மொசைக். ஒரு ஷீட்டில் பெரும்பாலும் 225 சில்லு இருக்கும். நமக்குத் தேவை 150-க்குள்தான். முகத்தில் காகிதம் ஒட்டிய ஷீட்டாகக் கேளுங்கள். வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் சில்லுகள் தனித்தனியாகக் கழன்றுவிடும். கவனித்தீர்களா, அந்தக் காகிதமும் முகத்தில்தான் ஒட்டியிருக்கிறது.

அப்புறம், 54 செ.மீ. சதுரத்தில் ஒரு சிமெண்ட் போர்டு, 8 அல்லது 10 மி.மீ. கனம். பிளைவுட் ஈரத்துக்கு உப்பிவிடும், வேண்டாம். டைல்ஸ் ஒட்டும் பசை சின்னப் பை ஒன்று, வெள்ளை நிறம். இதில் சமாதானமே செய்துகொள்ளாதீர்கள். என் இரண்டாவது பலகையில் கையில் இருந்த சாம்பல் நிறப் பசையைப் போட்டுவிட்டேன். கண்ணாடி வழியாகச் சாம்பல் தெரிந்து, பளிச்சென்ற நீலப்பச்சை முழுவதும் குளத்துப் பாசி நிறமாக மங்கிப்போனது. உடைத்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் குரௌட், மணல் கலக்காதது, ஒரு கிலோ, வெளிர் சாம்பல் அல்லது தந்த நிறம். கண்ணாடி வெட்டுவதற்கு இரண்டு சக்கரம் வைத்த கொறடு, டைல்ஸுக்குத் தனிக் கொறடு, கையால் இழுக்கும் டைல்ஸ் கட்டர், சாணைக்கல், பிரவுன் தாள், மைதா, மரரீப்பர் நான்கு. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மூக்குக்கு என்-95 முகக்கவசமும் கட்டாயம். டைல்ஸ் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. மெஷினில் வெட்டினால் தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும். காலில் செருப்பு போதாது, மூடிய காலணி போடுங்கள்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். வெள்ளை வயிறு, நீலப்பச்சைக் கண்ணாடி முனை, அடர் நீல நாற்கை. இது போதும்.

வரைவது

இந்தப் பகுதிக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். வெட்டுவதில் வரும் பிழையைச் சாணைக்கல் சரிசெய்யும். வரைவதில் வந்த பிழையை எதுவும் சரிசெய்யாது. முதல் முறை, அட்டையில் ஒரு நட்சத்திரம் வெட்டி, அதையே நகர்த்தி நகர்த்தி வரைந்தேன். ஒவ்வொரு தடவையும் பென்சில் கனம் அளவுக்குத் தள்ளிப் போய், நாலாவது நட்சத்திரத்தில் அரை சென்டிமீட்டர் விலகியிருந்தது. நாற்கைகள் எதுவும் அதனதன் இடத்தில் உட்காரவில்லை.

பிரவுன் தாளின் சொரசொரப்பான பக்கத்தில் 44 செ.மீ. சதுரம் போடுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் 62.2 செ.மீ. இருந்தால் சதுரம் கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் 11, 22, 33 என்று ஒரே மூலையிலிருந்து அளந்து குறியுங்கள். பதினொன்று பதினொன்றாகத் தாண்டிக் குறித்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். கோடுகளை இழுத்தால் 16 கட்டங்கள் வரும்.

ஒரு கட்டத்தை எடுங்கள். இரண்டு மூலைவிட்டங்களை லேசாக வரைந்தால் நடுப்புள்ளி கிடைக்கும். அங்கே கவராயத்தை ஊன்றி 5.5 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். வட்டம் கட்டத்தின் நான்கு பக்கங்களையும் நடுவில் தொடும், மூலைவிட்டங்களை இன்னும் நான்கு இடத்தில் வெட்டும். ஆக எட்டுப் புள்ளிகள். ஒன்று விட்டு ஒன்றாகச் சேர்த்தால் ஒரு நேர் சதுரம், மீதியைச் சேர்த்தால் சாய்ந்த ஒரு சதுரம். இரண்டு சதுரமும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது நட்சத்திரம் வந்துவிட்டது. உள்ளே ஒரு எண்கோணம், சுற்றி எட்டு முக்கோணம்.

16 கட்டத்திலும் இதைச் செய்து முடித்ததும் இடையில் நாற்கைகள் தானாகத் தெரியும். நான்கு நட்சத்திரங்களின் மூலை முனைகள் ஒரு கட்டச் சந்திப்பைச் சுற்றி நிற்கும். அந்த நான்கையும் சேர்த்து ஒரு சின்னச் சதுரம் போடுங்கள். நாற்கை இப்போது நடுச் சதுரம், நான்கு கைகள் என்று ஐந்து துண்டாகப் பிரிந்துவிட்டது. உள்மடிப்பு உள்ள வடிவத்தை ஒரே துண்டாக வெட்டப் புதியவர்களால் முடியாது. ஃபெஸ் நகரத்தில் அதைச் சுத்தியலால் கொத்தியே எடுக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் சிறுவயதிலிருந்து பழகிய கை இருக்கிறது. நமக்கு எல்லாமே நேர்வெட்டு.

கடைசியாக, வெளியே 2.2 செ.மீ. தள்ளி ஒரு கரைக்கோடு. அதில் கண்ணாடிச் சில்லுகள் முழுசாக வரிசையில் நிற்கும், பக்கத்துக்கு 22.

11 செ.மீ. என்ற கணக்கு ஏன் என்றால், அப்போது முக்கோணத்தின் சிறிய பக்கம் வரைபடத்தில் ஏறத்தாழ 2.3 செ.மீ. வரும். 2 செ.மீ. கண்ணாடிச் சில்லைக் குறுக்கே இரண்டாக வெட்டி அதில் வைத்தால், சுற்றிலும் குரௌட்டுக்குச் சரியாக ஒன்றரை மி.மீ. இடம் கிடைக்கும். தனியாக அளந்து வெட்டும் வேலையே இல்லை.

வெட்டுவது

எண்கோணம் 16. வெள்ளை டைல்ஸில் 7.6 செ.மீ. சதுரங்கள் எடுத்து, நான்கு மூலையிலும் 2.2 செ.மீ. குறித்துச் சாய்வாக வெட்ட வேண்டும். கட்டரில் கோடு கிழித்து, மூலையைக் கொறட்டால் கவ்விக் கீழ்ப்பக்கமாக அழுத்தினால் உடையும். பக்கத்தில் டைல்ஸ் போடும் மேஸ்திரி யாராவது இருந்தால், இந்த 16 துண்டை மட்டும் அவர் மெஷினில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

நாற்கைக்கு, நீல டைல்ஸில் 3 செ.மீ. அகலப் பட்டைகள் இழுங்கள். கைத் துண்டு 3.7 செ.மீ. நீளம். ஒரு முனையின் இரண்டு மூலைகளையும் ஒன்றரை செ.மீ. வீதம் சாய்வாக வெட்டினால் கூரை வைத்த வீடு மாதிரி ஆகும். முழுக் கைகள் 48. ஓரங்களில் நிற்க நெடுக்கில் பிளந்த அரைக் கைகள் 32. நடுச் சதுரம் முழுசாக 9, பாதி 12, கால் துண்டு 4. எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வெட்ட வெட்ட அடித்துக்கொண்டே வாருங்கள்.

வெட்டியதும் ஒவ்வொரு துண்டின் முதுகுப்பக்க ஓரத்தையும் சாணைக்கல்லில் லேசாகச் சரித்துத் தேய்த்துவிடுங்கள். ஃபெஸ் கைவினைஞர்களின் நுணுக்கம் இது. முதுகு ஒடுங்கி இருந்தால்தான் முகங்கள் நெருங்கி உட்காரும், பின்னால் ஊற்றும் கலவைக்கும் பிடிமானம் கிடைக்கும்.

கண்ணாடி முக்கோணம் 128, அதாவது 64 சில்லு. சக்கரக் கொறட்டைச் சில்லு முழுக்கக் கவ்வவிடாதீர்கள். மூலையில் மூன்று நான்கு மி.மீ. மட்டும் பிடித்து, சக்கரங்களின் வரிசை எதிர்மூலையைப் பார்த்தபடி இருக்க, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். விரிசல் தானே ஓடிப்போய் எதிர்மூலையைத் தொடும். முதல் பத்து வீணாகும், அதற்குப் பிறகு கை பிடித்துக்கொள்ளும்.

கவிழ்த்து அடுக்குவது

தொடங்குவதற்கு முன் வரைந்த தாளை மேலே இன்னொரு மெல்லிய தாள் வைத்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள். அசல் தாள் கடைசியில் நனைந்து கிழியப் போகிறது.

தாளை ஒரு சமமான பலகையில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு மேசைக்கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, ஒரு டம்ளர் கொதிநீரில் ஊற்றிக் கிளறினால் போஸ்டர் ஒட்டும் பசை ரெடி. அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சுங்கள், மறுநாள் புளித்துவிடும். பசையைத் துண்டின் முகத்தில் ஒரு பொட்டு வைத்தால் போதும். தாளில் பூசக்கூடாது. பூசினால் தாள் ஊறி விரியும், நாள் முழுக்க உட்கார்ந்து போட்ட கணக்கு வீணாகும்.

பளபளப்புப் பக்கம் கீழே பார்க்கட்டும். முதலில் 16 எண்கோணங்கள், வேறு எதுவும் வேண்டாம். அவை நேராக உட்கார்ந்துவிட்டால் மற்றதெல்லாம் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். பிறகு நடுச் சதுரங்கள், கைகள், கடைசியில் முக்கோணங்கள், கரை. இந்த வடிவம் இருபுறமும் ஒன்றுபோல் இருப்பதால் கவிழ்த்தாலும் மாறாது. எழுத்து அப்படி இல்லை, இடவலம் மாறிவிடும். குர்ஆன் வசனம் எழுதிப் பார்க்க ஆசை வந்தால், அரபி எழுத்துக்கலை முறையாகப் படித்தவர் துணை இல்லாமல் தொடாதீர்கள். துண்டு துண்டாக உடைத்து, பிழையோடு ஒட்டும் பொருள் அல்ல அது.

இரவு முழுக்கக் காயட்டும். இப்போது முதுகுப்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். பீங்கான் 8 மி.மீ. கனம், கண்ணாடி 4 மி.மீ. தான். முகம் மேலாக ஒட்டியிருந்தால் நட்சத்திர முனைகள் எல்லாம் குழிக்குள் போயிருக்கும். கவிழ்த்து அடுக்கியதால் முகம் ஒரே மட்டம், ஏற்ற இறக்கம் முழுவதும் பின்னால்.

கலவை ஊற்றுவது

இந்தக் கட்டத்தில் பாதியில் எழுந்து போகக்கூடாது. அடுக்கிய துண்டுகளைச் சுற்றி நான்கு ரீப்பரையும் எண்ணெய் தடவி அண்டக் கொடுங்கள். முதலில் குரௌட்டைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, முதுகுப்பக்கத்திலிருந்தே இடைவெளிகளில் தேய்த்து நிரப்புங்கள். இப்படிச் செய்தால் பின்னால் வரும் பசை முகத்துக்குக் கசியாது. உடனே வெள்ளைப் பசையைக் குழைத்து, கண்ணாடிப் பள்ளங்களை முதலில் நிரப்பி, பிறகு எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு மி.மீ. வரும்படி கரண்டியால் இழுத்துச் சமமாக்குங்கள். சிமெண்ட் போர்டை ஈரத்துணியால் துடைத்து, அதிலும் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, நான்கு பக்கமும் ஓரம் ஒரே அளவு வெளியே நீட்டும்படி மேலே வைத்து அழுத்துங்கள். இரண்டு மூன்று செங்கல் ஏற்றிவிட்டு 24 மணி நேரம் தொடவே வேண்டாம்.

அடுத்த நாள் இருவராகப் பிடித்துத் திருப்புங்கள். பிரவுன் தாளை வெந்நீர் ஸ்பாஞ்சால் நனைத்து, பத்து நிமிடம் பொறுத்து, ஒரு மூலையிலிருந்து தாளைத் தாளோடு ஒட்டினாற்போல் மடக்கி இழுங்கள். மேல்நோக்கிப் பிய்த்தால் கண்ணாடியும் கூடவே வரும். தாளுக்கு அடியிலிருந்து முதல் நீல முனை ஈரத்தோடு வெளியே வரும்போது வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள், அவர்களும் பார்க்கட்டும்.

மைதாவைக் கழுவிவிட்டு, குரௌட் இறங்காத இடங்களை முகப்பக்கத்திலிருந்து நிரப்பி, அரை மணி நேரத்தில் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். மறுநாள் மேலே வெள்ளையாகப் படர்ந்திருப்பதற்கு உலர்ந்த துணி போதும். ஆசிட் ஊற்றாதீர்கள், குரௌட்டை அரித்துவிடும்.

பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. வெட்டுவதற்குப் பதில் வெள்ளை டைல்ஸில் வண்ணம் தீட்டிவிடலாமே என்று கேட்கிறார்கள். இஸ்ஃபஹானில் 1611-இல் தொடங்கிய ஷா மசூதியில், வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரே டைல்ஸில் பல வண்ணம் தீட்டும் 'ஹஃப்த் ரங்கி' முறையை நிறையவே பயன்படுத்தினார்கள். ஆனால் அது சூளையில் வெந்த வண்ணம். கடையில் கிடைக்கும் கண்ணாடிப் பெயிண்ட் டைல்ஸின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும், ஒரு கோடையில் உரியத் தொடங்கும்.

மாட்டுவது

பலகை பத்து கிலோ வரைக்கும் வரும், ஆணியில் தொங்கவிட முடியாது. ஓரத்தில் விட்டிருக்கும் இரண்டே முக்கால் செ.மீ. இடத்தில் நான்கு மூலையிலும் துளை போட்டு, செங்கல் சுவரில் பிளக் இறக்கி ஸ்குரூ முடுக்குங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு முடுக்குங்கள். நேர்கோட்டு வடிவத்தில் ஒரு நூல் சாய்ந்தாலும் கண்ணை உறுத்தும். ஸ்குரூத் தலைகள் மறையும்படி மரச்சட்டம் ஒன்று அடித்துவிடலாம்.

ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டினால் பீங்கான் கண்ணைக் கூசும். ஜன்னலுக்குப் பக்கவாட்டுச் சுவர்தான் சரி, வெளிச்சம் சாய்ந்து வரும்போது கண்ணாடி முனைகள் மட்டும் தனியாக எழுந்து நிற்கும். அடுத்த பலகைக்கும் இதே வரைபடத்தை வைத்துக்கொண்டு, நிறங்களை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். நட்சத்திரம் பின்னால் போய் நாற்கை முன்னால் வந்து நிற்கும். படியெடுத்து வைத்த தாள் அதற்குத்தான்.